கண்ணடித்தவன்

கலியாணமான புதிதில் என் கணவர் என்னைப் பேசாப்படம் பார்க்கக் கூட்டிப்போனார். நீர்வேலியிலிருந்து மாட்டு வண்டியில் பட்டணம் போனோம். முற்றவெளியில் கூடாரம் அடித்திருந்தார்கள். பின்னேரக் காட்சி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

பெரிய படத்துக்கு முன் ஒரு சிறிய சிரிப்புப் படம். ஒரு வெள்ளைக்காரன் வீட்டுக்கு வருகிறான். மேசையில் யாருடையதோ தொப்பி. மனைவியைச் சந்தேகித்து வீட்டையே புரட்டுகிறான். தண்ணீர்க்குழாய் திருத்த வந்தவனுடைய தொப்பி அது. அவன் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான். கூடாரமே அதிர்ந்தது. நானும் வயிறு நோகச் சிரித்தேன்.

மறுநாள் கணவர் வாழைத்தோட்டத்திலிருந்து வழக்கத்தைவிட வேளைக்கே வந்தார். நேரே அறைக்குள் போய்க் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். பிறகு நெல்மூட்டைகளை விலக்கிப் பார்த்தார். படத்தை நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். திரும்பினார். முகத்தில் சிரிப்பில்லை.

"என்ன தேடுறியள்?"

"அவன் எங்கை?"

"எவன்?"

"கண்ணடிச்சவன். உன்னைப் பாத்துத்தான் அடிச்சவன். நீயும் சிரிச்சனி."

"எல்லாரும்தானே சிரிச்சவை?"

"எல்லாரையும் அவன் பாக்கேல்லை."

அதன்பிறகு நாள்தோறும் தேடினார். மற்றபடி நல்ல மனுசன். சாப்பிடும்போது வாழைக்குலை விலை கதைப்பார், கதையின் நடுவே கண் கட்டிலுக்கடியில் போகும். முற்றம் கூட்டுகையில் வாழைகளுக்கிடையே வெள்ளையாக ஏதோ தெரியும். அவருடைய வேட்டி. அசையாமல் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கட்டிலுக்கடியில் விளக்குமாற்றை விட எனக்கே கை வரவில்லை.

"அந்தப் படம் இன்னும் ஓடுதாம். திரும்பவும் போவம்," என்றேன். "நான் உள்ளை வரேல்லை. நானில்லாமல் அவன் ஆரைப் பாக்கிறான் எண்டு பாருங்கோ."

நான் வெளியே வண்டியில் இருந்தேன். கூடாரத்துக்குள் ஒரே சிரிப்பு. எல்லாரும் அடங்கிய பிறகும் ஒரு குரல் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. அது என் கணவருடையது.

வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"நான்தான் பிழையாய் விளங்கிப்போட்டன். அவன் என்னைப் பாத்துத்தான் கண்ணடிச்சவன். அண்டைக்கும் என்னைத்தான்."

வழி முழுக்க மெல்லச் சிரித்துக்கொண்டே வந்தார். நான் வண்டியின் ஓரத்துக்குத் தள்ளி இருந்தேன்.

அதன்பின் அவர் எதையும் தேடவில்லை, என்னைச் சந்தேகிக்கவுமில்லை. ஆனால் சில நாட்களில் அறைக்குள் தனியே இருந்து சிரிப்பார். அந்த நேரங்களில் நான் உள்ளே போவதில்லை.