கோயம்புத்தூரில் கடற்கரை போட்ட கதிர்

கதிர் இறந்துவிட்டார். நேற்று மத்தியானம்... கரண்ட் அடித்து.

எங்கள் வீட்டு போட்டோக்களைப் பார்த்து "பீளமேட்டில் ஏது பீச்?" என்று கேட்டீர்களே... அந்த மணலையும் சிப்பிகளையும் வாசலில் போட்டுக்கொடுத்தவர். அன்னூர்க்காரர். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

காலையில் அவர் மனைவி சுதா போன் செய்தார். ஆபீஸ் மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு எடுத்தேன்.

"அக்கா... அவரு போயிட்டாருங்க்கா." அப்புறம் விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னார்.

வேறொரு வீட்டில் இதே மாதிரி சிப்பித் தோட்டம். கிரகப்பிரவேசத்துக்குள் முடிக்க வேண்டிய அவசரம். ஈர மணலில் உட்கார்ந்து விளக்குக்கு ஒயர் இணைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"உள்ளார யாரோ லைட்டு எப்படி எரியுதுன்னு பாக்கலாம்னு சுவிட்ச்சப் போட்டுட்டாங்களாமுங்க்கா. வேணும்னு செய்யலீங்க... அவங்களும் அழுதுட்டுத்தான் இருக்கறாங்க."

போனை வைத்து இரண்டு மணி நேரம் ஆகிறது. அழுகை வரவில்லை, பயம்தான் வருகிறது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு ராமேஸ்வரம் போனோம். என் மகள் நிலா கடலை விட்டு வரமாட்டேன் என்று பஸ் ஏறும்வரை அழுதாள். திரும்பி வந்ததும், வாசலில் சின்னதாக ஒரு பீச் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தோட்ட வேலை செய்யும் கதிர் மட்டும் டேப்பை எடுத்து வாசலை அளந்தார்.

"ஏனுங்க்கா, தண்ணியில்லாத கடலு போதுமுங்களா?"

தூத்துக்குடிப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாகச் சிப்பி வந்தது. உப்பு இறங்காவிட்டால் செடி கருகிவிடும் என்று சுதா நான்கு நாள் டிரம்மில் ஊறப்போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவினார். கேட்டிலிருந்து படிவரை வெள்ளைச் சிப்பிப் பாதை, இரண்டு பக்கமும் மணல், ஓரத்தில் கடற்கரை மணலில் படருமே, அந்த அடம்பங்கொடி.

"மாமா, நீங்க கடல்ல நீந்துவீங்களா?" என்று நிலா கேட்டாள்.

"ஐயோ கண்ணு, எனக்கு அலையக் கண்டாலே பயம். நான் வண்டிய உட்டே எறங்க மாட்டேன். உங்க அத்தைதான் எறங்கிப் போயி சிப்பி பாத்து எடுப்பா."

சுதா சிரித்த சிரிப்பு...

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நிலாவின் பிறந்தநாள். அதற்குள் மணலில் விளக்கு எரிய வேண்டும் எனக்கு. கதிர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கரண்ட் கசிஞ்சா தானா கட் ஆகற சுவிட்ச் உங்க ஊட்டுல இல்லீங்க்கா. அது மாட்டாம நான் லைட்டு குடுக்க மாட்டேனுங்க."

"பொறந்தநாளு முடியட்டுமுங்க கதிரு, அடுத்த வாரம் மாட்டிக்கலாம்."

"புள்ளை வெறுங்கால்ல வெளையாடுமுங்க்கா."

எனக்குக் கோபம். அன்று டீகூடக் கொடுக்கவில்லை. அவரே எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, வெள்ளிக்கிழமை அதை மாட்டவைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம், நான் ஹாலில் தங்கச்சியோடு வீடியோ காலில் இருந்தேன். "லைட் போட்டுக் காட்டுக்கா" என்றாள்.

போட்டேன்.

வெளியே அவர் ஒயரில் கை வைத்திருக்கிறாரா என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டப் என்று ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. வாசலில் ஏதோ விழுந்தது.

ஓடினேன். ஈர மணலில் பின்பக்கமாகச் சாய்ந்து, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அக்கா... சுவிட்ச்சப் போட்டீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"ஒண்ணுமில்லீங்க. சுள்ளுனு ஒரு தட்டு, அவ்வளவுதானுங்க. நேத்து மாட்டுன சுவிட்ச்சு கட் பண்ணிப்போடுச்சு." தண்ணீர் கேட்டார். பாதி சட்டையில் சிந்தியது. அப்புறம் மெதுவாக, "சுதாகிட்ட சொல்லிப்போடாதீங்க்கா. வேலைக்கே உடமாட்டா."

சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. யாரிடமும்.

நேற்றைய வீட்டில் அந்தக் கட் ஆகும் சுவிட்ச்சை மாட்டிவிட்டதாகக் கதிரிடம் சொன்னார்களாம். பெட்டியில் இருந்திருக்கிறது... கனெக்‌ஷன் கொடுக்கவில்லை. அங்கே விளக்கைப் போட்டுப் பார்த்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் நின்ற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

எங்கள் வாசல் சுவிட்ச்சை அணைத்து, மேலே டேப் ஒட்டிவிட்டேன். மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டேன்.

இதை இங்கே போடுவதற்கு முன் சுதாவுக்கே போன் செய்தேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவரைப் போகவிட்டிருக்க மாட்டாரோ என்ற நினைப்பைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியுமுங்க்கா" என்றார் சுதா. "அன்னிக்குச் சோறு உங்கறப்ப கை நடுங்குச்சு. கேட்டேன், சொல்லிப்போட்டாரு. அதுக்கப்பறம் எந்த ஊட்டுக்குப் போனாலும், அவரு ஒயரைத் தொட்டா நான் சுவிட்ச்கிட்டத்தானுங்க்கா நிப்பேன். ஒருத்தரையும் தொட உடமாட்டேன்."

பின்னால் அவர் குழந்தை சிணுங்குவது கேட்டது.

"நேத்துத்தானுங்க்கா... பாப்பாவுக்குக் காய்ச்சல்னு நான் போகலீங்க."

வருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

நான்கு மணிக்கு அன்னூரில் எடுக்கிறார்கள். கிளம்புகிறேன். சுதா முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. ஆனாலும் போகிறேன்.

கதிரு... பாத்துப் போங்க.