கார்டு பெட்டி அடுப்பும் ராமபத்ரனும்

ராமபத்ரன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஐசலினில் ஓர் இந்திய மளிகைக் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கும்பிடும் கைகள், 'ஓம் சாந்தி அங்கிள்'கள். நடுவே ஒருவர், 'அந்த அடுப்பு விஷயத்தை இனி யாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்' என்று பெருந்தன்மையாக எழுதியிருந்தார். அதற்குப் பலர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். நானும் உயர்த்தினேன். பிறகு கறிவேப்பிலையை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

சங்க மலருக்கு அஞ்சலி எழுத என்னைத்தான் கேட்டீர்கள். சனிக்கிழமைதோறும் அவரோடு இருந்தவன் என்பதால் நெருங்கிய நண்பன் என்று நினைத்துவிட்டீர்கள். எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லாத விஷயம் அது ஒன்றுதான். ஆனாலும் எழுதுகிறேன். அடுப்பு விஷயத்தில் நீங்கள் எல்லோரும் அவரை மன்னித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்காக: ஊரில் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகனோடு இருக்க இந்த நாட்டுக்கு, எடிசன் நகருக்கு வந்தவர் ராமபத்ரன். நம் சங்கத்தில் ஏழெட்டுப் பேர் பழைய ரயில் காட்சியகம் ஒன்றில் துரு சுரண்டப் போவோம். அங்கே ஒரு 'கபூஸ்' நின்றது. சரக்கு ரயிலின் கடைசியில் கார்டு உட்கார்ந்து வரும் பெட்டி. அவர் அதைக் கடைசிவரை 'கார்டு பெட்டி' என்றே சொன்னார். உள்ளே இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்பு அடுப்பு. சுவரில் இருக்கும் தொட்டியிலிருந்து குழாய் வழியாக எண்ணெய் சொட்டுச் சொட்டாக அதன் அடிச்சட்டிக்கு வரும். அது எரிந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. "எலக்ட்ரிக் ஹீட்டர் ஒண்ணு வெச்சிட்டா போச்சு" என்றேன் நான். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தத் தம்பி என்ன வேலை பாக்கறாரு?" என்று கேட்டார். சாப்ட்வேர் என்று பதில் வந்தது. "அதான்" என்றார்.

இரண்டு குளிர்காலம் அந்த அடுப்போடு மல்லுக்கட்டினோம். புகைக்குழாயிலிருந்து பறவைக்கூடு வாளி வாளியாக வந்தது. சட்டியில் இறுகிக் கிடந்த கரியைச் சுரண்டும் வேலை எனக்கு. தள்ளி நின்று குறை சொல்லும் வேலை அவருக்கு. எண்ணெயை அளந்துவிடும் பெட்டிக்குள் மிதவை சிக்கியிருக்கும், கழற்றிப் பார்க்கலாம் என்று ஒரு வீடியோவைக் காட்டினேன். "யூட்யூப்ல நெருப்பு சுடாது தம்பி" என்றார். அடுத்த வாரம் அதே மிதவையை அவரே கழற்றினார். சிக்கித்தான் இருந்தது. தனக்கு முதலிலேயே தோன்றியதாக எல்லோரிடமும் சொன்னார்.

பற்றவைக்கக் கற்பூரம் கொண்டுவந்தார். காகிதத்தைப் போட்டால் சாம்பல் விழும், கற்பூரம் மிச்சமில்லாமல் எரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. காட்சியகத்து வெள்ளைக்காரர்களுக்கு என்னவென்று விளக்குவது என்று நான் சண்டை போட்டேன். அவர்கள் கற்பூரம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று என்னிடமே கேட்டு வாங்கி வந்தார்கள். அதிலும் நான்தான் தோற்றேன்.

அவர் போட்ட சட்டம் ஒன்று உங்களுக்குத் தெரியும். எண்ணெய் வால்வை மூடியவர் வாய்விட்டு "மூடியாச்சு" என்று சொல்ல வேண்டும். இன்னொருவர் குனிந்து பார்த்துவிட்டு "பார்த்தாச்சு" என்று சொல்ல வேண்டும். தமிழிலேயே சொல்ல வேண்டும். தமிழ் தெரியாத தன்னார்வலர்களும் அப்படித்தான் சொன்னார்கள். "கை மறந்தாலும் கண்ணு புடிச்சிடும். ரெண்டு பேரும் சேர்ந்து மறந்தாத்தான் ஆபத்து" என்பார்.

அடுப்பு சரியான பிறகு வந்த டிசம்பரில், நம் குடும்பங்களுக்காக ஏற்பாடு செய்த ரயில் சவாரியன்று காலையில், எண்ணெய் சரியாகச் சொட்டுகிறதா என்று பார்க்க நான் வால்வைத் திறந்தேன். அப்போதும் எங்களுக்குள் சண்டைதான். புகைக்குழாயின் மேல்மூடியை நான் சரியாகப் பொருத்தவில்லை என்று அவர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திட்டிக்கொண்டிருந்தார். நான் போனைப் பார்த்துக்கொண்டே "மூடியாச்சு" என்றேன். அவர் தலையைத் திருப்பாமலே "பார்த்தாச்சு" என்றார். நான் மூடவில்லை. அவர் பார்க்கவில்லை.

இரண்டு மணி நேரம் எண்ணெய் சொட்டிச் சட்டியில் தேங்கியிருக்கிறது. பெட்டி நிறைய ஆள் ஏறிய பிறகு அவர் கற்பூரத்தைப் போட்டார். மீதியை நீங்கள் பார்த்தீர்கள். புகைக்குழாய் சிவந்தது, கரும்புகை பெட்டியை நிரப்பியது, குழந்தைகள் இருமின, படியிலிருந்து குதித்த ஒருவருக்கு முழங்கால் போயிற்று. எல்லோரையும் இறக்கிவிட்டு, தொட்டிக் குழாயை அடைத்துவிட்டு, கடைசியாக இறங்கியவர் அவர். முகத்தில் மீசை எது கரி எது என்று தெரியவில்லை.

காட்சியகக் கூட்டத்தில் அவர் எழுந்து, "நான் பார்த்தேன்னு சொன்னேன். பார்க்கலை" என்றார். உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேசையைப் பார்த்தேன். மூடாதது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவரிடமிருந்து பெட்டிச் சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது காரில் கேட்டேன். "என்னைப் பத்தி ஏன் சொல்லல அங்கிள்?"

"என் பாதியை நான் சொல்லிட்டேன். உன் பாதி உங்கிட்ட இருக்கு" என்றார். "சிக்னல் க்ரீன் ஆயிடுச்சு, போ."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். காட்டிக்கொடுத்திருந்தால் ஒரு மாதம் அவமானப்பட்டு மறந்திருப்பேன். அவர் இரண்டும் செய்யவில்லை. அடுத்த சனிக்கிழமையே வந்து நின்றார். அதற்குப் பிறகு நான்கு வருடம், நான் வால்வை மூடி "மூடியாச்சு" என்று சொல்லும்போதெல்லாம், வலிக்கிற முட்டியை மடக்கி, டார்ச் அடித்து, வேண்டுமென்றே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். ஒவ்வொரு முறையும் அவரை வெறுத்தேன். உங்களில் சிலர் அவர் முதுகுக்குப் பின்னால், 'வயசாயிடுச்சு, இன்னும் அடுப்பை விடமாட்டேங்கறாரு' என்று சிரித்தீர்கள். நானும் கூடச் சிரித்தேன்.

அவர் கார் ஓட்டமாட்டார் என்பதால் வீட்டில் கொண்டுபோய் விடுவதும் நான்தான். முன்பெல்லாம் அவர் மனைவி கோமதி ஆன்ட்டி வாசலிலேயே காபி கொடுப்பார். அந்த டிசம்பருக்குப் பிறகு தண்ணீர் மட்டும். குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவனுக்கும் காபி கொடுக்கிற வீடு அது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆன்ட்டியைப் பார்க்கப் போனேன். "அன்னிக்கு வால்வை மூடாம மூடியாச்சுன்னு சொன்னது நான்தான் ஆன்ட்டி" என்றேன்.

"தெரியும்ப்பா. அன்னிக்கே சொன்னாரு. அவனா வாயத் திறந்து சொல்ற வரைக்கும் காபி குடுக்காதேன்னாரு. அவர் பிடிவாதம்தான் உனக்குத் தெரியுமே."

எழுந்து உள்ளே போனார். டிகாஷன் வாசனை வந்தது. வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. சமையலறையிலிருந்து குரல் கேட்டது. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டியா?"

"இல்ல ஆன்ட்டி. உங்ககிட்டதான் மொதல்ல."

தம்ளரோடு வந்தார். தண்ணீர்.

ஆகவே நண்பர்களே, நீங்கள் மன்னிக்க வேண்டியவர் ராமபத்ரன் இல்லை. அவர் தன் பாதியை அன்றே சொல்லிவிட்டார். என் பாதி இது. சாவியைக் காட்சியகத்தில் கொடுத்துவிட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம் மட்டும்தான். வீட்டில் அடுப்பை அணைக்கும்போது என்னை அறியாமல் "மூடியாச்சு" என்கிறேன். மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் "ஓகே அப்பா" என்கிறாள். குனிந்து பார்க்க ஆளில்லை. அந்த மனிதர் மீது எனக்கு இன்னும் கோபம்தான்.

மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியோடு எடிசனுக்குப் போவேன். ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசி வரி வரை தானே படித்துப் பார்த்த பிறகுதான் சமையலறைக்குள் போவார்.