சீன ஊசிக்கு எங்கள் வீட்டுப் பத்தியம்

ஐந்து மாதமாக உறங்காத மனிதன் பஸ் ஓட்டலாமா? கூடாது. நான் ஓட்டினேன். காரோடு என்ற ஊருக்குப் போகும் வளைவில் ஒருநாள் பட்டப்பகலில் கண் செருகிவிட்டது. முன்சக்கரம் இரண்டும் வாழைத் தோட்டத்தில் இறங்கி வண்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் உள்ளே இருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நேராக டிப்போவுக்குப் போய், இனி ஸ்டியரிங் வேண்டாம், யார்டில் ஏதாவது வேலை தாருங்கள் என்றேன். அதிகாரி நல்ல மனுஷன்.

"ஒரு மாசம் பாப்போம். உறக்கம் வந்தா ஏறு. இல்லேண்ணா உனக்கு டயர் உருட்டுத வேலைதான்."

வாய்விட்டுக் கேட்டது நான்தான். இருந்தாலும் மனசு ஆறவில்லை. இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது; அதற்குள் பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியிருந்தேன். வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது.

உறக்க மாத்திரை போட்டால் மறுநாள் மதியம்வரை தலை கனக்கும். அது டிரைவருக்கு ஆகாது. அப்போது பாறசாலையில் ஒரு மாடியறையில் சீன வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். கொழும்பில் போய்ப் படித்துவிட்டு வந்தவர். நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு கையிலும் நாடி பார்த்தார். சாயா எத்தனை குடிப்பீர்கள் என்று கேட்டார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றேன். சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வண்டி வந்து நிற்கும்போதும் டிரைவர்களோடு எதிர்க்கடையில் நின்றபடி குடிக்கிற பால் இல்லாத கட்டன் சாயாவை எங்கள் ஆட்கள் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது எங்களுக்குப் பச்சைத் தண்ணீர் மாதிரி.

மணிக்கட்டில், காலில், உச்சந்தலையில் ஊசி ஏற்றினார். முடிபோல மெல்லிய ஊசி, வலியே இல்லை. கஷாயம் வைக்க வேரும் இலந்தை விதையும் கலந்த பொட்டலமும் தந்தார். வீட்டில் என் மனைவி அதைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள்.

"பத்தியம் என்னவாம்?"

"ஒண்ணும் சொல்லல்ல."

"பத்தியம் இல்லாத்த கஷாயமா? நீங்க கேக்காம வந்திருப்பிய. மீனு கூட்டப்பிடாது, புளி கூடாது, சாயா, கட்டன் ஒண்ணும் தொடப்பிடாது, கேட்டியளா?"

"சீனாக்காரனுக்கு அதெல்லாம் கிடையாதுட்டி."

"சீனாக்காரனுக்கும் வயிறு உண்டு."

அதோடு விடவில்லை. முன்பு என்னோடு வண்டியில் வந்துகொண்டிருந்த கண்டக்டரையும் காவல் வைத்துவிட்டாள். அவன் வண்டி டிப்போவில் நிற்கும்போது நான் கடைப்பக்கம் தலையைத் திருப்பினாலே அந்தப் பாவி, "அண்ணே, மைனிட்ட சொல்லிருவேன்" என்பான். முதல் நாலு நாள் தலைவலியில் உயிர் போனது. எதிரே வந்தவர்கள்மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். இரண்டாம் வாரம், ஊசியேற்றிய கட்டிலிலேயே குறட்டை விட்டேன். மூன்றாம் வாரம் வீட்டிலும் விடியும்வரை உறங்கினேன். அடடா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல!

நன்றி சொல்லப்போன இடத்தில் பத்தியக் கதை வாயில் வந்துவிட்டது.

"கட்டனா? ஒரு நாளைக்கு எத்தன?" என்றார் டாக்டரம்மா.

விரல்விட்டு எண்ணினேன். பதினாலு வந்தது. அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாதி என் ஊசி, பாதி உங்க வீட்டுக்காரி. மீனெல்லாம் கூட்டிக்கோங்க. கட்டன் மட்டும் வேண்டாம்."

மாதம் முடிந்து ஸ்டியரிங் கிடைத்தது. ஒற்றசேகரமங்கலம் டிரிப். முதல் நாளே என் மனைவி ஏறி எனக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்தாள். வழியில் தனுவச்சபுரத்தில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்கவாம். எல்லாம் சும்மா. நான் உறங்குகிறேனா என்று காவல் காக்கத்தான் வந்திருக்கிறாள். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவள் பார்வை என்மேலேயே இருந்தது.

தனுவச்சபுரம் நெருங்கும்போது மறுபடி பார்த்தேன். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு உறங்குகிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஐந்து மாதமும் நான் புரண்டு படுத்தபோதெல்லாம், "உறங்கல்லியா?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்ததே. அவளும்தானே உறங்கவில்லை! ஒருதடவைகூட அவளிடம் நான் அதைக் கேட்டதில்லை. வெட்கமாகிவிட்டது.

"அண்ணே, ஸ்டாப்பு வந்தாச்சு. மைனிய எழுப்பட்டா?"

"வேண்டாம் மக்கா, உறங்கட்டு. கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் போடு."