இழவு வீட்டுத் தோங்

மலபோன் சந்தில் எங்கே இழவு விழுந்தாலும் உண்டியலோடு முதல் ஆளாக வந்து நிற்பான் யூசேபியோ. சவத்துக்குப் பக்கத்திலேயே சீட்டாட்டம் நடக்கும். ஜெயிக்கிறவன் ஒரு பங்கை உண்டியலில் போட வேண்டும். அதற்குப் பெயர் தோங்; இல்லாதப்பட்ட வீட்டில் அடக்கச் செலவே அதில்தான். ஆட்டத்தைக் கண்டும் காணாமல் போக ரோந்துப் போலீஸ்காரன் கறக்கிறதும் தோங்தான். உண்டியலிலிருந்து யூசேபியோ உருவுவது மட்டும் கூபிட். இரண்டுமே சீனக் கடைக்காரர்களிடம் பொறுக்கிய சொற்கள். சொல்லைக்கூட இரவல் வாங்கித் திருடுகிற பிழைப்பு, தூ!

"திருட்டுன்னு சொன்னா நாக்கு அழுகிடும். அம்மா பர்ஸுல பிள்ளைங்க மிட்டாய்க்கு எடுக்குமே, அது திருட்டா? கூபிட்!" என்பான், வெட்கமே இல்லாமல்.

அவன் மனைவி பிலார் செத்தாள். மீன் கழுவியே தேய்ந்துபோனவள். மகள் நேனிதா கெஞ்சினாள்.

"உண்டியலைப் பக்கத்து வீட்டு ஹெர்மினா அக்காகிட்ட குடுங்கப்பா."

"போடி! அடுத்தவ கையில குடுத்தா உருவிட மாட்டாளா?"

சவம் வீட்டில் இருந்த மூன்று சாயங்காலமும் ஆட்டம் களைகட்டியது. பிலாரை மதித்தவர்கள் தாராளமாகவே போட்டார்கள். அடக்கத்தன்று காலை சவவண்டிக்காரர் வந்து நின்றார். பெட்டிக்கும் வண்டிக்கும் சேர்த்து மீதியைக் கையில் வாங்காமல் வண்டியை எடுக்க மாட்டார். உண்டியலைக் கவிழ்த்தார்கள். பாதிகூடத் தேறவில்லை.

"எந்த எச்சக்கலை நாயோ அடிச்சிட்டான்!" என்று யூசேபியோ மாரில் அறைந்துகொண்டான்.

நேனிதா அவன் சட்டைப்பையில் கைவிட்டாள். கசங்கிய இருபது பெசோ நோட்டுகள் நாலைந்து வந்தன. கூடவே ஒரு ரம் பாட்டில் மூடி.

"அம்மாகிட்டயேவாப்பா?"

"கை தானா போயிடுச்சும்மா... ஏதோ சில்லறை. கூபிட்தானே!"

"மிச்சம் எங்க?"

இத்தனை காலம் ஊரான் வீட்டுச் சாவில் உருவியவன், சொந்த வீட்டுச் சாவையும் குடித்துத் தீர்த்திருந்தான், பாவி.

"இந்தக் காசு சவப்பெட்டிக்குத்தான் சரியா இருக்கும்," என்று இருந்ததை வாங்கிக்கொண்டு வண்டிக்காரர் வெறும் வண்டியோடு போய்விட்டார்.

சீட்டாடியவர்களே எழுந்து வந்து தோள் கொடுத்தார்கள். வலது மூலையில் ஒரு ஆள் குறைந்தது. யூசேபியோ துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். நேனிதா குறுக்கே வந்து, அந்த மூலையைத் தன் தோளில் வாங்கினாள்.

"நீங்க பின்னாடி வாங்க. அம்மாவை நாங்க தூக்கிக்கிறோம்."