பாண்டி காலண்டரும் என் பரீட்சையும்

மதுவிலக்கு அமலில் இருந்த அறுபதுகளில், செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். வாய் கொஞ்சம் நீளம். "நம்ம புள்ளைங்களுக்குச் சாராய விளம்பரம்னா இன்னான்னே தெரியாது" என்று ஹெட்மாஸ்டர் ஆசிரியர் அறையில் பீற்றிக்கொண்டபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"தெரியும் சார். மனப்பாடமாவே இருக்கும். எழுத வெச்சுக் காட்டட்டுமா?"

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! நீங்களே ஞாபகப்படுத்திட்டு வராதீங்க டீச்சர்."

"அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் சார்."

"சரி. ஒண்ணும் வரலைன்னா, இனிமே எந்த மீட்டிங்குலயும் நீங்க வாயே தொறக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டுவிட்டேன். பேசாமல் நான் பிழைப்பதாவது!

ஒன்பதாம் வகுப்பில் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். நினைவில் இருக்கிற விளம்பரங்களை எழுதுங்கள், எங்கே பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள், படம் வந்தால் போடுங்கள் என்றேன். அவ்வளவுதான். சோப்பு வந்தது, பல்பொடி வந்தது, பீடி வந்தது. தாளுக்குத் தாள் பிராந்தியும் வந்தது. பாண்டியில்தான் அது தாராளமாயிற்றே! அங்கே பஸ்ஸில் போய்வந்தவர்கள் கையிலெல்லாம் கடைக்காரர்கள் ஓசிக் காலண்டரைத் திணித்தார்கள். மேலே லட்சுமி, கீழே பாட்டில். சாமி படத்தை எறிய யாருக்கு மனசு வரும்? அப்படியே பூஜை மாடத்தில் மாட்டிவிட்டார்கள். தினம் அதன்முன் நின்று கும்பிட்ட பிள்ளைகளுக்கு லேபிளின் நிறம்கூடத் தப்பவில்லை.

ஹெட்மாஸ்டர் தாள்களைப் புரட்டினார். "பாண்டிக்குப் போய்வர்ற வல்லத்துப் பக்கத்துப் பசங்களா இருக்கும்" என்று முனகினார். ஒரு தாளில் கை நின்றுவிட்டது. அது அதே வகுப்பில் படித்த அவர் மகளுடையது. பாட்டில், கடையின் பெயர், தெரு எல்லாம் சுத்தமாக எழுதி, எங்கே பார்த்தாய் என்பதற்கு நேரே, 'எங்கள் வீட்டில். வெள்ளிக்கிழமை நைனா பொட்டு வைக்கும்போது பாட்டிலுக்கும் சேர்த்து வைத்துவிடுவார்' என்று எழுதியிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். மனுஷர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். போச்சுடா, கிழித்துவிடுவார், நம்மையும் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார் என்றே நினைத்தேன்.

அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்தில் அவரே முதலில் எழுந்தார். மகளின் தாளை எடுத்து ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வாங்க டீச்சர். மிச்சத்த நீங்க பேசுங்க" என்றார்.