சின்னமாமாவின் வைக்கோல்

அம்மாவின் கடைசித் தம்பி வெளிநாட்டில் மாட்டுத் தீனியைப் பற்றி ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் வாங்கியவர் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வெளியில் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. மலைநாட்டில் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார் என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வார். என்ன படிப்பிக்கிறார் என்று யாராவது தோண்டிக் கேட்டால் "விஞ்ஞானம்" என்பார். உண்மை எப்படியோ கசிந்தபோது எங்கள் ஊரான சம்பூர் முழுவதும் ஒரே கேள்விதான். "மாட்டுக்குத் தீன் போடுறதுக்கும் படிப்போ?"

அந்தச் சின்னமாமா, கோடையின் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கி, மேய்ச்சல் தரவைப் புல்லெல்லாம் கருகிப்போயிருந்த ஒரு நாளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். திருகோணமலையிலிருந்து லோஞ்சில் குடாவைக் கடந்து மூதூரில் இறங்கி, அங்கிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் வந்தார். பெட்டிக்குள் அவரோடு கறுப்புப் பொலித்தீன் சுருள் ஒன்றும் யூரியா மூடைகளும் இருந்தன. யூரியாவைக் கண்டதும் பெரியப்பாவின் முகம் மாறிப்போனது. முந்தின போகத்தில் யூரியா கரைத்த வாளியில் வாய் வைத்த பசு ஒன்று வரம்பிலேயே விழுந்து செத்திருந்தது.

"வைக்கல்ல யூரியாத் தண்ணி தெளிச்சு, காத்துப் போகாம மூடி வைச்சால் வைக்கல் மெதுவாகும். மாட்டுக்குச் செமிக்கும். அளவு பிழைக்கக்கூடாது, அவ்வளவுதான்" என்றார் மாமா. கோடையில் மாடுகள் எலும்பும் தோலுமாகப் போகாமல் இருக்க இது போதும் என்றும், இதை ஊராருக்குச் செய்து காட்டவே வந்ததாகவும் சொன்னார்.

பெரியப்பா அவர் முன்னால் தலையை ஆட்டினார். மாமா கிணற்றடிக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

"ஒருத்தன் படிச்சுப் பட்டம் வாங்கிப்போட்டு, இஞ்ச வந்து எங்கட மாட்டுக்குச் சும்மா தீன் போடுவானோ? இதுக்குள்ள என்னவோ இருக்கு. நீ மாமாவோட திரி. என்ன செய்யிறார், ஆரோட கதைக்கிறார் எண்டு எனக்கு வந்து சொல்லு."

இவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் எனக்குத் தந்ததில்லை. நான் மாமாவின் நிழலானேன்.

பார்த்ததெல்லாம் சந்தேகப்படத் தக்கதாகவே இருந்தது. மாமா மாடுகளின் நெஞ்சைச் சுற்றி நாடா பிடித்து அளந்தார். தையற்காரர்தான் அப்படி அளப்பார். மாட்டுக்கு யார் சட்டை தைக்கப்போகிறார்கள்? வாயைப் பிளந்து பல் பார்த்தார். எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், குசினிக்குள் இருந்த, மா அரிக்கும் அரிதட்டை அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டுபோய், அதில் சாணத்தைப் போட்டு, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி அலசினார். தட்டில் மிஞ்சிய தும்புகளை விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தார்.

"என்ன மாமா தேடுறீங்கள்?"

"மாடு திண்டதில எவ்வளவு செமிக்காமல் வந்திருக்கு எண்டு பாக்கிறன் பிள்ளை. இதைப் பாத்தால் வயித்துக்குள்ள நடக்கிறது விளங்கும்."

அந்தப் பதில் எனக்கு ஏதோ மறைக்கிற பதிலாகவே பட்டது. அம்மா அரிதட்டைத் திரும்ப வாங்கவில்லை. "நீயே வைச்சுக்கொள்ளு ராசா" என்று சொல்லிவிட்டுச் சுளகால் சமாளித்தார். பெரியப்பாவோ, சாணத்துக்குள் இருந்து ஏதோ எடுத்து மருந்து செய்கிறார்கள் என்றும், அதற்குத்தான் வெளிநாட்டுக்காரன் இவரைக் கூப்பிட்டுப் படிப்பித்திருக்கிறான் என்றும் முடிவு கட்டினார்.

அதன்பிறகு ஒருநாள் மாமா தானாகவே அகப்பட்டார். வைக்கோலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, தங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு மாடு இருக்கிறது என்றும், அதன் விலாவில் வாசல் போல ஒரு துவாரம் வெட்டி மூடி போட்டிருக்கிறது என்றும், மூடியைத் திறந்து கையை விட்டால் இரைப்பையில் இருக்கும் புல்லைத் தொடலாம் என்றும் சொன்னார்.

"நோகாதோ?"

"இல்லை. நான் கையை உள்ளுக்கு விடேக்கையும் அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டு நிக்கும்."

நான் பெரியப்பாவிடம் ஓடினேன். பொழுதுபடுவதற்குள் ஊரே அந்த மாட்டைப் பற்றித்தான் கதைத்தது. உயிர் மாட்டின் விலாவை வெட்டியவர், அதற்குள் கை விடுகிறவர், இப்போது எங்கள் ஊர் மாடுகளின் விலாவை அளந்துகொண்டு திரிகிறார். அடுத்த நாள் மாமா ஒழுங்கையால் நடந்தபோது சிலர் தங்கள் மாடுகளை அவிழ்த்து வளவின் பின்புறம் கொண்டுபோய்க் கட்டினார்கள்.

எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. மாமா வைக்கோல் தீற்றிக் காட்டுவதற்கு அப்பாவிடம் கேட்டது மயிலையைத்தான். சாம்பல் கலந்த வெள்ளை எருது அது. கிழடு தட்டி, ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும். ஏரில் பூட்டுவதை விட்டு நாளாகிவிட்டது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வேலியோடு வந்து நின்று என் கையை நக்கும்.

"மாமா ஏன் நல்ல எருது ஒண்டைக் கேக்கேல்லை?" என்று பெரியப்பாவிடம் கேட்டேன்.

"அதுதானே! கிழட்டு மாட்டைக் கேக்கிறான் எண்டால் அது செத்தாலும் ஆரும் கேக்கமாட்டினம் எண்டுதான்."

அப்பா மட்டும் பிடிகொடுக்காமல் கதைத்தார். "மயிலையை மூதூர்க் காக்காவுக்குக் குடுக்கிறதாச் சொல்லிப்போட்டன் மச்சான். இனி மாத்த ஏலாது."

எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் அந்த முஸ்லிம் பெரியவர் எங்களுக்கு நெடுநாள் பழக்கமானவர். எங்கள் வீட்டில் ஏர் இழுத்து ஓய்ந்த எருதுகளையெல்லாம் அவர்தான் கூட்டிக்கொண்டு போவார். அவரிடம் குளத்தோரமாகப் பெரிய தரவை இருக்கிறது, கோடையிலும் அங்கே புல் வாடாது, வேலை செய்து களைத்த மாடுகள் அங்கே படுத்துக் கிடந்து மேயும் என்று அப்பா எனக்குச் சொல்லியிருந்தார். மயிலைக்கு முன்னால் போன எருதுகளும் அங்கேதான் இருந்தன. மாமாவின் கையில் மாட்டுப்படாமல் மயிலை அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதே அந்த நாட்களில் என் ஒரே வேண்டுதல்.

மூடி வைத்த வைக்கோல் பதமானதும் மாமா வாசிகசாலை முன்றலில் ஊராரைக் கூட்டினார். பொலித்தீனைத் திறந்ததும் மூக்கைப் பிய்க்கிற நெடி. முன்னால் நின்றவர்கள் சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள்.

"கொஞ்ச நேரம் காத்தாட விட்டால் மணம் போயிடும்" என்ற மாமா, பிறகு ஒரு பிடியை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றார். "இஞ்ச பாருங்கோ, நஞ்செண்டால் நான் தின்னுவனோ?"

"வரமுந்தியே மாத்து மருந்து குடிச்சிருப்பார்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் சிரித்து முடியவிட்டுப் பெரியப்பா எழுந்தார். "தம்பி, சுத்தி வளைக்காமல் ஒண்டு சொல்லும். நீர் படிச்ச படிப்பு பால் மாட்டைப் பற்றியோ, இறைச்சி மாட்டைப் பற்றியோ?"

மாமா வைக்கோலைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தார். பொய் சொல்லியிருக்கலாம். "இறைச்சி மாடுதான் அண்ணை. மாட்டில எப்பிடி இறைச்சி பிடிக்கவைக்கிறது எண்டதுதான் என்ர ஆராய்ச்சி."

முன்றலில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். சைவக் குடும்பத்தில் பிறந்தவன் செய்கிற வேலையா என்றார் ஒருவர். எங்கள் வாசலில் கட்டி வளர்த்த மாட்டைக் கொலைக்குக் கொழுக்க வைக்க எங்களுக்கே பாடம் நடத்துகிறானா என்றார் இன்னொருவர். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் முகத்தில் அவ்வளவு நிறைவு.

மாமாவுக்கும் கோபம் வந்துவிட்டது. அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் கேட்டேன்.

"என்னைக் கொலைகாரன் எண்டுறீங்கள். நல்லது. ஒவ்வொரு கச்சானுக்கும் நீங்கள் உங்கட கிழட்டு எருதுகளை, பட்டினியில நிக்க ஏலாத எருதுகளை, அவிழ்த்துக் குடுக்கிறீங்களே, அதுகளெல்லாம் எங்க…"

அப்போது அவர் கண் என்மேல் விழுந்தது. நான் முதல் வரிசையில், மணலில் சப்பாணி கொட்டி, ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்பதற்காக உட்கார்ந்திருந்தேன். மாமாவின் வாய் திறந்தபடி நின்றது.

"எங்க? சொல்லுமன்!" என்றார் பெரியப்பா. ஆனால் அவர் குரலில் முன்பிருந்த பலம் இல்லை.

மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்டுமில்லை அண்ணை" என்றார். "விடுங்கோ."

கூட்டம் கலைந்தது. ஆட்கள் வைக்கோலைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். மாமா தனியாகக் குந்தியிருந்து பொலித்தீனைச் சுருட்டினார். பதில் சொல்ல முடியாமல் மாட்டிக்கொண்ட ஆள் இப்படித்தான் இருப்பார் என்று நான் நினைத்தேன்.

விடிந்ததும் அவர் புறப்பட்டுவிட்டார். அம்மா கட்டிக்கொடுத்த இடியப்பப் பார்சலை வாங்கிக்கொண்டு, என் தலையில் கை வைத்து, "வடிவாப் படி பிள்ளை" என்றார். நான் தலையை இழுத்துக்கொண்டேன். சாணம் அலசிய கை அது. பிறகு அவர் எங்கள் பக்கம் ஆராய்ச்சி என்று வரவேயில்லை. வேறு மாவட்டங்களில் அவருடைய வைக்கோலைப் போட்டு மாடு வளர்க்கிறார்கள் என்று வெகுகாலம் கழித்துக் கேள்விப்பட்டோம்.

அவர் போன அதே கிழமை மூதூர்க் காக்கா வந்தார். மயிலையின் விலா எலும்புகளைத் தடவிப் பார்த்து, "நல்லா வாடிப் போச்சே அண்ணன்" என்று வருத்தப்பட்டார். என்னைப் போலவே அவருக்கும் மயிலைமேல் பிரியம் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

"உங்கட தரவையில இப்பவும் புல் இருக்கோ?" என்று கேட்டேன்.

காக்கா அப்பாவைப் பார்த்தார். அப்பா வேலியில் எதையோ சரிசெய்யத் திரும்பினார்.

"ஓம் புள்ள" என்றார் காக்கா. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

வழியில் பசிக்குமே என்று பூவரசங்குழை ஒரு கட்டு ஒடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் அதை வாங்கக் கொஞ்சம் தயங்கினார், பிறகு இரண்டு கையாலும் வாங்கினார். மயிலை ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை நான் படலையில் நின்று கை காட்டினேன். உள்ளே அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பியை நினைத்து அழுகிறார் என்று எண்ணினேன்.

அந்தக் கோடை முழுவதும் நாடாவையும் அரிதட்டையும் நெடி பிடித்த வைக்கோலையும் சந்தேகப்பட்டவள் நான். அன்றைக்கு மட்டும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.