ஒத்திகை பார்த்த தற்செயல்

அந்த ஜாஸ் குழுவில் எல்லாரும் அவளைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்டு, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் ஓர் எண்ணுக்கு வந்து சேருவாள். எண் வந்துவிட்டால் நிம்மதி. இன்னதுதான் என்று முடிவாகாத எந்தக் காரியமும் அவள் வயிற்றைக் கலக்கும். பஸ் தாமதமானால் கலக்கும். கணவன் போனை எடுக்காவிட்டால் கலக்கும். அப்படிப்பட்டவள் ஜாஸ் குழுவில் போய் பியானோ வாசித்தாள்.

ஜாஸில் ஒரு பாட்டின் மெட்டை எல்லாரும் சேர்ந்து ஒருமுறை வாசிப்பார்கள். அதன் பிறகு ஆளாளுக்குத் தனி வாசிக்க வேண்டும். அதற்குத் தாளில் ஒன்றும் எழுதியிருக்காது. அந்த நிமிஷத்தில் மனசில் என்ன வருகிறதோ அதுதான். கண்ணாடிக்கு அந்த நிமிஷத்தில் மனசில் வந்ததெல்லாம் பயம் ஒன்றுதான்.

குழுவில் சேர வந்த அன்றைக்கே கோளாறு ஆரம்பித்துவிட்டது. என்ன பாட்டு கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததால், ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்வரமாகத் தேர்ந்தெடுத்துக் கோத்து, ஒரு தனியை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். டிரம்பெட் வாசிப்பவர்தான் குழுவின் தலைவர். கேப்டன் என்று பெயர். அவர் கேட்டு முடித்ததும் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு, "இதெல்லாம் எங்கிருந்தும்மா வருது உனக்கு?" என்றார். வீட்டிலிருந்து என்று சொல்லியிருக்கலாம். அவள் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்புக்காக ஏழு வருஷம் உழைக்க வேண்டியதாகிவிட்டது.

ஒவ்வொரு கச்சேரிக்கும் புதுசு புதுசாகத் தயார் செய்வாள். முன்பு வாசித்ததை மறுபடி வாசித்தால் சாயம் வெளுத்துவிடும் என்ற பயம். வேலையிலிருந்து வந்ததும் பியானோவில் உட்காருவாள். ஒரே வரியை விரலுக்குப் பழகும்வரை திருப்பித் திருப்பி வாசிப்பாள். நடுவில் தடுமாறுவது போல ஓர் இடம், யோசிப்பது போல ஒரு சின்ன மௌனம், அதையெல்லாம்கூட ஒத்திகை பார்ப்பாள். மேடையில் கேப்டன் ரசிகர்களிடம், "கண்ணாடி ஒருதரம் வாசிச்சதை மறுதரம் வாசிக்கவே மாட்டா" என்று பெருமையாக அறிமுகம் செய்துவைக்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளங்கை ஈரமாகிவிடும்.

இந்த நிலையில்தான் மாமனார் அவர்களோடு வந்து சேர்ந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் தனியாக இருக்கவேண்டாம் என்று மகன் கூட்டிவந்துவிட்டான். நல்ல மனுஷர். அவரிடம் இருந்த ஒரே தொந்தரவு சீட்டி. மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று லிஃப்ட் குழிக்குள் வேலை செய்த காலத்தில் சீட்டியடித்தே பேசிக்கொள்வார்களாம். வாய் பழகிவிட்டது. பியானோ இருந்த கூடத்துக்கு அடுத்த அறைதான் அவருக்கு. நடுவில் இருந்த சுவர் பேருக்குத்தான் சுவர். இரண்டே வாரத்தில் கண்ணாடி தயார் செய்யும் தனிகளை அவர் முழுசாகச் சீட்டியடிக்க ஆரம்பித்துவிட்டார். பல் தேய்க்கும்போதுகூட.

ஒருநாள், ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் டபுள் பேஸை வாசிப்பவர் இரவல் கொடுத்திருந்த மைக் ஸ்டாண்டை வாங்க வந்தார். வாத்தியத்தை முதுகில் சுமந்து நடப்பதால் அவரை எல்லாரும் பீரோ என்பார்கள். கதவைத் திறந்த மாமனார் வாயில் சீட்டி.

"அட! இது போன கச்சேரியில கண்ணாடி வாசிச்ச தனி மாதிரியே இருக்கே?" என்றார் பீரோ.

"மாதிரி என்னப்பா, அதேதான். இவதான் தினம்..."

"மாமா, அடுப்பு!" என்று உள்ளிருந்து கத்தினாள் கண்ணாடி. மாமனார் முழங்காலையும் மறந்து ஓடினார். அடுப்பில் ஒன்றும் இல்லை. பற்றவைக்கக்கூட இல்லை. அவர் திரும்பி வருவதற்குள் ஸ்டாண்டைப் பீரோவின் கையில் திணித்து, படியிறங்கும்வரை வாசலில் நின்று வழியனுப்பிவிட்டாள்.

அடுத்த ஒத்திகையில் கேப்டன் ஒரு செய்தி சொன்னார். நூலகத்தை ஒட்டிய சிறிய அரங்கில், ரசிகர்களை வைத்துக்கொண்டே கச்சேரியைப் பதிவு செய்து வெளியிடப் போகிறார்கள். மதியம் ஒரு காட்சி, சாயங்காலம் ஒரு காட்சி. இரண்டிலும் அதே பாட்டுகள்.

"ரெண்டு தடவையும் ரெண்டு விதமா வரும். எது நல்லா இருக்கோ அதை எடுத்துக்கலாம்" என்றவர், அவள் பக்கம் திரும்பி, "உன்னை நினைச்சா எனக்குக் கவலையே இல்ல" என்றார்.

அவர் கவலையையும் சேர்த்து எல்லாக் கவலையும் அவளிடமே இருந்தது. ஒரு பாட்டுக்கு இரண்டு தனி. மாமனார் காதுக்கு எட்டாமல் தயார் செய்ய வேண்டும் என்று பியானோவின் சத்தத்தைக் குறைக்கும் மிதியை அழுத்திக்கொண்டே வாசித்தாள். கடையில் ஒருவருக்கு வலது கண்ணின் எண்ணை இடது கண்ணுக்கு எழுதிவிட்டு, அவர் வெளியே போவதற்குள் ஓடிப்போய்ப் பிடித்தாள். சோறு இறங்கவில்லை.

போதாக்குறைக்கு மாமனார், "நானும் வரேம்மா. இத்தனை நாள் சுவத்துக்கு இந்தப் பக்கமே கேட்டாச்சு" என்றார்.

"நிறைய படி இருக்கு மாமா."

"லிஃப்ட் இருக்குப்பா, நான் பார்த்தேன்" என்றான் கணவன், விஷயம் தெரியாமல்.

"லிஃப்ட் இருக்கா!" என்றார் மாமனார். அதன் பிறகு அவரை யார் தடுக்க முடியும்?

மதியக் காட்சிக்கு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். கண்ணாடி மேடையிலிருந்து பார்த்தாள். பக்கத்தில் கணவன். மாமனாருக்கும் பியானோவின் மைக்குக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. முதல் இரண்டு பாட்டும் ஒழுங்காகப் போயின. மாமனார் தலையை மட்டும் ஆட்டினார். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மூன்றாவது மெதுவான பாட்டு. அவள் தனி தொடங்கும் இடத்தில் டிரம்ஸ் நின்றுவிடும், பேஸும் நின்றுவிடும். பியானோ மட்டும். அவள் முதல் வரியை வாசித்தாள். இரண்டாவது வரியில் கூடவே ஏதோ கேட்டது. மெலிசாக, சுத்தமான சுருதியில், அவள் வாசிப்பதோடு ஒட்டிக்கொண்டு சீட்டி. அழுத்திய மிதியையும் மீறி இதுவும் சுவரைத் தாண்டியிருக்கிறது.

கண்ணை மூடி நின்றிருந்த கேப்டன் கண்ணைத் திறந்தார். ஓரத்தில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்த ஒலிப்பதிவுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குக் குப்பென்று வியர்த்தது. கை நின்றுவிட்டது.

பியானோ நின்றதும் மாமனாருக்குப் பதற்றம். பாவம், மருமகள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். எடுத்துக் கொடுப்போம் என்று, அடுத்த வரியை இன்னும் பலமாகச் சீட்டியடித்தார். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கணவன் அவர் கையைப் பிடித்தான்.

இனி அந்த வரியை வாசிக்க முடியாது. வாசித்தால் ஊருக்கே தெரிந்துவிடும். அவள் விரல் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. தவறான ஸ்வரம். அதையே மறுபடி தட்டினாள், தெரிந்துதான் செய்தது போல. அதற்கு மேல் எங்கே போவது என்று தெரியவில்லை. மாடியில் மின்சாரம் போன நேரத்தில் காலால் படியைத் தேடுவது மாதிரி இருந்தது. ஒரு ஸ்வரம், இன்னொன்று, திரும்பவும் முதலாவது. பேஸ் நுழையவேண்டிய இடம் இன்னும் வரவில்லை. ஆனாலும் பீரோ ஒரு கம்பியை மெல்ல மீட்டி அவளுக்குக் கீழே தாங்கிக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி, பாதியிலேயே முடித்துவிட்டாள். கைதட்டல் இருந்தது. எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை.

இடைவேளையில், நாற்காலிகள் அடுக்கியிருந்த பின்னறைக்குள் குழு முழுக்க வந்ததும் கேப்டன் கதவைச் சாத்தினார்.

"அவர் யாரு?"

"என் மாமனார்."

"நீ என்ன வாசிக்கப் போறேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. ஏழு வருஷத்துக்குப் பிறகு அதைத் தள்ளிவிட அவளுக்குத் தெம்பில்லை. சொல்லிவிட்டாள். முதல் நாளிலிருந்து, எல்லாவற்றையும்.

கேப்டன் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அப்போ ஏழு வருஷமா நான் யாரோட வாசிச்சுட்டிருந்தேன்?" என்றார்.

டிரம்ஸ் வாசிக்கும் அக்கா ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "என்ன பெரிய குத்தம் பண்ணிட்டா? நீங்க மட்டும் என்னவாம், அந்த மூணு உருட்டலைத்தானே எல்லாப் பாட்டுலயும் உருட்டுறீங்க?" என்றாள்.

"அது வேற."

"ஆமா, அது உங்களுது."

கேப்டன் டிரம்பெட்டை எடுத்துக்கொண்டார். கண்ணாடியைப் பார்க்காமலே, "சாயங்காலம் தயார் பண்ணினதையே வாசி. பதிவு நல்லா வரணும்" என்று எழுந்து போய்விட்டார்.

அவள் வெளியே வந்தபோது மாமனார் லிஃப்ட் அருகே நின்றிருந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது.

"மறந்துட்டியேன்னுதாம்மா எடுத்துக் கொடுத்தேன். தப்பாயிடுச்சா?"

"இல்ல மாமா. நீங்க சரியாத்தான் அடிச்சீங்க" என்றாள். அது உண்மைதான். அவர் சாயங்காலக் காட்சிக்கு இருக்கவில்லை. கால் வலிக்கிறது என்று மகனோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் அவள் ஒரு பிசிறில்லாமல் வாசித்தாள். ஒத்திகை பார்த்த தடுமாற்றம்கூட ஒத்திகை பார்த்தபடியே வந்தது. அவள் வாசிக்கும்போது எப்போதும் பியானோ பக்கம் திரும்பி நிற்கும் கேப்டன், அன்றைக்கு டிரம்பெட்டின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் நின்றார். கூட்டம் ஆரவாரித்தது. ஏற்கனவே துவைத்து மடித்து வைத்த துணியை மறுபடி மடிப்பது போல இருந்தது அவளுக்கு.

பதிவில் சாயங்காலக் காட்சியைத்தான் சேர்த்தார்கள். கடைக்கு வந்த ஒருவர் அவளை அடையாளம் கண்டு, "அந்த மெதுவான பாட்டுல உங்க தனி பிரமாதம்ங்க" என்றபோது, நன்றி சொல்லிவிட்டு, அவருடைய கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியைத் தேவையில்லாமல் மறுபடி முடுக்கினாள்.

குழுவை விட்டு விலகிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் அடுத்த ஒத்திகைக்குப் போனாள். போகிற வழியெல்லாம் சொல்லவேண்டிய வார்த்தைகளைத் தயார் செய்தாள். அங்கே போனால் கேப்டன் பேச இடமே கொடுக்கவில்லை.

"உட்காரு. எந்தப் பாட்டுன்னு சொல்ல மாட்டேன். நாங்க ஆரம்பிப்போம், நீ வா."

"வராது கேப்டன்."

"வராம என்ன வருதுன்னு பார்க்கலாம்."

வந்தது மோசமாக இருந்தது. பீரோவே முகத்தைச் சுளித்தார். கேப்டன், "சகிக்கல" என்றார். மன்னித்துவிட்ட மாதிரியும் இல்லை, கோபம் தணிந்த மாதிரியும் இல்லை. ஆனால் மறுபடி வாசிக்கச் சொன்னார். அதற்கடுத்த ஒத்திகையிலும். மேடையில் அவளுக்குச் சின்னச் சின்ன இடங்கள் மட்டும் கொடுத்தார். இரண்டு வரி, மூன்று வரி. முன்பெல்லாம் மறந்துவிடுமோ என்று பயந்தாள். இப்போது மறப்பதற்குக்கூட ஒன்றும் கையில் இல்லாத பயம். ஓரிரு முறை வாசிக்காமலே கைமாற்றி விட்டிருக்கிறாள். தலையை மட்டும் ஆட்டுவாள், அக்கா புரிந்துகொண்டு டிரம்ஸில் எடுத்துக்கொள்வாள். விட்டுவிட்டு நிம்மதியாக இரேன் என்று கணவன் சொல்லிப் பார்த்தான். அவளுக்கு ஏனோ அது மட்டும் முடியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு கல்லூரி அரங்கில் கச்சேரி. அவளுடைய வழக்கமான இரண்டு மூன்று வரி முடிந்த பிறகும் கேப்டன் டிரம்பெட்டை எடுக்கவில்லை. அவள் ஏறிட்டுப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் அவள் தொடர்ந்து வாசித்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது பீரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நடுவுல கீழ் ஸ்தாயிக்கு இறங்கி ஒண்ணு வாசிச்சியே, அது என்ன? மறுபடி ஒரு தடவை பாடிக் காட்டு."

கண்ணாடி மடியில் விரல்களை வைத்துத் தேடினாள். முழங்காலில் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஏழு வருஷத்தில் வாசித்த ஒவ்வொரு தனியும் விரலில் அப்படியே இருந்தது. இது மட்டும் இல்லை.

"ஞாபகம் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு அவளே ஒருமுறை விரல்களைப் பார்த்தாள். "நிஜமாவே ஞாபகம் இல்ல."

"போகட்டும், விடு" என்று சொல்லிவிட்டு, பீரோ தன் வாத்தியம் பஸ் ஆட்டத்தில் சாய்ந்துவிடாமல் இருக்கக் காலால் அணைத்துக்கொண்டார்.